பங்காளிகள் யார்? இணைய நெரிசலில் நியாயமான வரிசை

1985 டிசம்பரில் ஜான் நேகிள் எழுதிய ஆர்எஃப்சி 970 என்னும் சிறு ஆவணம் ஒரு விசித்திரமான கேள்வியை எழுப்பியது. ஒரு ரவுட்டருக்கு வரம்பே இல்லாத நினைவகம் இருந்தால் என்ன நடக்கும்? வந்த பாக்கெட் எதையும் அது கீழே போட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் வரிசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அனுப்பலாம். நெரிசல் தீர்ந்துவிடும் என்றே எவருக்கும் தோன்றும். நேகிள் காட்டியது இதற்கு நேர்மாறானது. இணைய நெறிமுறையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆயுள் உண்டு. வரத்து போக்கைவிட அதிகமாக இருக்கும்வரை வரிசை நீண்டுகொண்டே போகும். காத்திருக்கும் நேரம் ஆயுளைத் தாண்டிய பிறகு, வரிசையின் தலைக்கு வந்து சேரும் பாக்கெட் ஒவ்வொன்றும் ஏற்கெனவே காலாவதியானதாக இருக்கும். நினைவகத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு பாக்கெட்கூடப் போய்ச் சேராது.

கோளாறு நினைவகத்தின் அளவில் இல்லை, ‘முதலில் வந்தது முதலில் போகட்டும்’ என்ற ஒழுங்கில் இருந்தது. கேட்பதற்கு இதைவிட நியாயமான விதி இல்லை. ஆனால் ஒரே வரிசையில் எல்லாரும் நிற்கும்போது, இணைப்பில் ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு அவர் வரிசைக்குள் எத்தனை பாக்கெட்டுகளைத் திணித்தார் என்பதைப் பொறுத்தது. அதிகம் திணித்தவருக்கு அதிகம் கிடைக்கும். நெரிசலைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டவர் இழப்பார். அடங்கி நடப்பவரைத் தண்டிக்கும் விதி அது.

இந்த ஆபத்து வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சுமார் 400 கஜத் தொலைவில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. வேன் ஜேக்கப்சன் அதற்குக் கண்ட மருந்து அனுப்பும் கணினிகளில் இருந்தது: நெரிசலின் அறிகுறி தெரிந்தால் அவற்றில் இயங்கும் டிசிபி நெறிமுறை தானே பின்வாங்க வேண்டும். இன்றுவரை இணையத்தைத் தாங்குவது பெருமளவில் இந்தத் தன்னடக்கம்தான். ஆனால் அடங்காதவர் ஒருவர் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதிலை ரவுட்டரில் தேடியவர் நேகிள்.

அவர் சொன்ன வழி எளியது. பாக்கெட்டை அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தனி வரிசை. ரவுட்டர் சுற்றி வந்து ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு பாக்கெட் எடுக்கும். பேராசைக்காரர் எவ்வளவு அனுப்பினாலும் அவருடைய வரிசைதான் நீளும். இதன் பின்னால் இருக்கும் நியாயத்தைப் பிற்கால ஆய்வுகள் துல்லியமாக வரையறுத்தன. 10 மெகாபிட் இணைப்பு ஒன்றை மூவர் கேட்கிறார்கள் என்று வைப்போம்: ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 3, மூன்றாமவருக்கு 20 வேண்டும். முதலிருவருக்கும் கேட்டது முழுதாகக் கிடைக்கும். மிச்சமுள்ள 6 மூன்றாமவருக்கு. சிறிய தேவைகள் முதலில் நிறைகின்றன, எஞ்சியதைப் பெரிய தேவைகள் சமமாகப் பகிர்கின்றன. இதில் பொய்யாக அதிகம் கேட்பதால் ஒருவருக்கும் லாபமில்லை. எனக்கு இந்த வரையறையின் பெரிய அழகு இதுதான். நல்லவர்களை நம்பி அது நிற்கவில்லை.

நேகிளின் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அது எண்ணியது பாக்கெட்டுகளை, பைட்டுகளை அல்ல. ஒருவர் 1,500 பைட் பாக்கெட்டுகளும் மற்றவர் 100 பைட் பாக்கெட்டுகளும் அனுப்பினால், முறை சமம், பங்கு பதினைந்து மடங்கு வித்தியாசம். 1989இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்திலிருந்து ஆலன் டெமர்ஸ், சீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் வெளியிட்ட கட்டுரை இதை அடைத்தது. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு பிட், அடுத்ததிலிருந்து ஒரு பிட் என்று எடுத்தால் பங்கு அச்சு அசலாகச் சமமாகும். நிஜத்தில் பாக்கெட்டை உடைத்து அனுப்ப முடியாது. ஆகவே அப்படி ஒரு கற்பனை ரவுட்டர் இருந்தால் எந்தப் பாக்கெட் எப்போது முடிந்திருக்கும் என்று கணக்கிட்டு, முதலில் முடியக்கூடியதை உண்மையான ரவுட்டர் முதலில் அனுப்பும். அதே கட்டுரை இன்னொரு கூர்மையான பிரிவையும் செய்தது: இணைப்பில் கிடைக்கும் வேகம், அதிகம் காத்திருக்காமல் புறப்படும் விரைவு, நினைவகத்தில் கிடைக்கும் இடம் ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள், அவற்றைத் தனித்தனியே பங்கிட வேண்டும். பின்னால் வந்த தடுமாற்றங்கள் பலவும் இந்த மூன்றை ஒன்றாகக் குழப்பியதால் வந்தவை.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அபய் பரேக்கும் ராபர்ட் கேலகரும் 1990களின் தொடக்கத்தில் இதற்குக் கணித அடித்தளம் போட்டார்கள். பாக்கெட்டைத் தண்ணீர்போலப் பிரிக்க முடியும் என்ற இலட்சிய முறையோடு ஒப்பிட்டால், மேற்சொன்ன கணக்கின்படி நடக்கும் ரவுட்டரில் எந்தப் பாக்கெட்டும் மிகப் பெரிய பாக்கெட் ஒன்றை அனுப்பும் நேரத்தைவிட அதிகம் பிந்தாது என்று நிறுவினார்கள். நுழைவாயிலில் வரத்தைக் கட்டுப்படுத்தினால், பல ரவுட்டர்களைக் கடக்கும் பாதை முழுவதற்கும் தாமதத்தின் உச்ச வரம்பைச் சொல்லிவிடலாம். நெரிசல் மிகுந்த, யார் எப்போது வருவார் என்று தெரியாத ஒரு வலையமைப்பில் இப்படி ஓர் உறுதி தர முடியும் என்பது சாதாரண விஷயமல்ல.

ஆனால் அந்த உறுதிக்கு விலை உண்டு. முதல் விலை, தாமதமும் வேகமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பது. பழைய தொலைபேசித் தரத்தில் இணையம் வழியே பேசும் ஒரு குரல் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை, தலைப்புகளையும் சேர்த்து 200 பைட், அதாவது விநாடிக்கு 80 கிலோபிட். இந்த ஓட்டத்துக்குச் சரியாக 80 கிலோபிட் ஒதுக்கினால், ஒரு பாக்கெட்டை முடிக்க அந்த முறை 20 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளலாம். 5 மில்லி விநாடியில் வேண்டுமென்றால் 320 கிலோபிட் ஒதுக்கியாக வேண்டும். குரலுக்கு வேகம் தேவையில்லை, விரைவுதான் தேவை. இந்த முறையில் விரைவை வாங்க வேகத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது விலையை 1996இல் ஜான் பென்னட்டும் ஹுய் ஜாங்கும் அம்பலப்படுத்தினார்கள். இலட்சிய முறையைவிடப் பிந்தாது என்பதை நிறுவியாயிற்று. எவ்வளவு முந்தலாம் என்பதை யாரும் கேட்கவில்லை. பதினோரு ஓட்டங்கள், ஒன்றுக்குப் பாதி இணைப்பு, மீதிப் பத்துக்கும் இருபதில் ஒரு பங்கு வீதம். பெரிய ஓட்டம் பதினொரு பாக்கெட்டுகளோடும் மற்றவை ஆளுக்கு ஒன்றோடும் ஒரே நேரத்தில் வந்தால், முடிவு நேரக் கணக்கின்படி பெரிய ஓட்டத்தின் பத்துப் பாக்கெட்டுகள் தொடர்ச்சியாக முதலில் போய்விடும். இலட்சிய முறையில் அந்த நேரத்துக்குள் ஐந்துதான் போயிருக்க வேண்டும். பிறகு பத்துப் பாக்கெட் நேரம் அந்த ஓட்டத்துக்கு ஒன்றும் கிடைக்காது. நீண்ட கணக்கில் பங்கு சரி. இடையில் வெள்ளமும் வறட்சியும். அவர்கள் தந்த திருத்தம், இலட்சிய முறையில் இதற்குள் தொடங்கியிருக்கும் பாக்கெட்டுகளை மட்டுமே போட்டிக்கு எடுத்துக்கொள்வது.

மூன்றாவது விலைதான் நடைமுறையை முடிவு செய்தது. முடிவு நேரங்களை வரிசைப்படுத்தி வைக்க, ஓட்டங்களின் எண்ணிக்கையோடு வளரும் வேலை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தேவை. கற்பனை ரவுட்டரின் கடிகாரத்தைப் பின்தொடர்வது அதைவிடக் கடினம். ஒரு பாக்கெட் போகும் நேரத்துக்குள் பல ஓட்டங்கள் அங்கே முடிந்துபோகலாம், ஒவ்வொன்றும் கடிகாரத்தின் ஓட்டத்தை மாற்றும். விநாடிக்கு 100 கிகாபிட் இணைப்பில் 1,500 பைட் பாக்கெட் ஒன்றுக்கு இருக்கும் அவகாசம் 120 நானோ விநாடி.

துல்லியத்தை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது தெளிவானதும், எங்கே விட்டுக்கொடுப்பது என்பதே வடிவமைப்பாளரின் கலை ஆனது. பால் மெக்கென்னி 1990இல் ஓட்டங்களை அடையாளம் காண்பதில் விட்டுக்கொடுத்தார். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை வைக்காமல், முகவரிகளை ஹாஷ் செய்து, அதாவது ஓர் எண்ணாகச் சுருக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வரிசைகளில் ஒன்றில் போட்டுவிடுவது. இரண்டு ஓட்டங்கள் ஒரே வரிசையில் மோதிக்கொள்ளலாம். அப்படி மோதியவை ஒரே பங்கைப் பகிர வேண்டியதுதான். இந்த அநீதி நிரந்தரமாகாமல் இருக்க, அவ்வப்போது ஹாஷை மாற்றலாம். மாற்றும் கணத்தில் பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போகும். மோதல்களின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 1,024 வரிசைகள் இருந்தால், 38 ஓட்டங்கள் வந்ததுமே எங்காவது ஒரு மோதல் இருப்பதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. ஆனால் 100 ஓட்டங்கள் இருக்கும்போதும், குறிப்பிட்ட ஓர் ஓட்டம் மோதலில் சிக்கும் வாய்ப்பு சுமார் 9 சதவீதம்தான்.

ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் 1995இல் கடிகாரத்தையே தூக்கி எறிந்தார்கள். நேகிளின் சுற்று முறைக்கே திரும்பி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பாக்கிக் கணக்கைத் தொடங்கினார்கள். முறை வரும்போதெல்லாம் கணக்கில் குறிப்பிட்ட பைட் வரவு வைக்கப்படும். தலையில் நிற்கும் பாக்கெட் அதற்குள் அடங்கினால் போகும், அடங்காவிட்டால் பாக்கி அடுத்த சுற்றுக்குச் சேரும். வரவுத் தொகை மிகப் பெரிய பாக்கெட்டைவிடக் குறையாமல் இருந்தால், ஓட்டங்கள் எத்தனை இருந்தாலும் பாக்கெட்டுக்கு ஆகும் வேலை மாறுவதில்லை. வரிசைப்படுத்தல் இல்லை, கற்பனைக் கடிகாரம் இல்லை. நீண்ட கணக்கில் பங்கும் சரியாக வருகிறது. சிக்கனமான சிந்தனைக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தத் துறையில் எனக்குத் தெரியாது.

விட்டுக்கொடுத்தது விரைவை. 10 மெகாபிட் இணைப்பில் நூறு ஓட்டங்கள் தீவிரமாக இறக்கிக்கொண்டிருக்கின்றன, வரவு 1,514 பைட் என்றால், ஒரு சுற்று முடிய 121 மில்லி விநாடி ஆகும். அப்போது புதிதாக வரும் 64 பைட் பாக்கெட் ஒன்று தன் முறைக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க நேரலாம். டெமர்ஸ் குழுவின் முறையில் அதே பாக்கெட் ஏறத்தாழ 6 மில்லி விநாடியில் புறப்பட்டிருக்கும். வரவைக் குறைத்தால் சுற்று சுருங்கும், ஆனால் பெரிய பாக்கெட் ஒன்றுக்காகப் பல சுற்றுகள் வெறுமனே வந்துபோக வேண்டும். வேகம் குறைந்த இணைப்புகளுக்கு 300 பைட் போன்ற சிறு வரவைப் பரிந்துரைப்பது இந்தக் காரணத்தால்தான்.

இதற்கிடையே வேறொரு நோய் பரவியிருந்தது. நினைவகம் மலிவானதால் மோடம்களிலும் ரவுட்டர்களிலும் வரிசைகள் நீண்டன. டிசிபி அவற்றை நிரப்பியது. ஒரு கோப்பை மேலேற்றினால் அதே வீட்டில் அழைப்புகள் திணறின. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் சூட்டி ஊர் அறியச் செய்தார். நியாயமான பங்கீடு மட்டும் இதைக் குணப்படுத்தாது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை கொடுத்தாலும், கோப்பை ஏற்றும் ஓட்டத்தின் சொந்த வரிசை வீங்கியபடியே இருக்கும். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் தந்த கோடெல் என்ற முறை வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பாக்கெட் உள்ளே இருந்த நேரத்தைப் பார்த்தது. அந்த நேரம் 100 மில்லி விநாடிக்கு மேலாக, ஒரு முறைகூட 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்காமல் இருந்தால், பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். வழிக்கு வரும்வரை கைவிடும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகும். இதன் பலவீனம், நெரிசலுக்குக் காரணமானவரையும் பக்கத்தில் நின்றவரையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது என்பது.

அதே ஆண்டு எரிக் டூமாசே லினக்ஸ் 3.5இல் நியாயமான பங்கீடு, கோடெல் இரண்டையும் சேர்த்தார். எஃப்கியூ-கோடெல் என்ற அந்த முறையில் மெக்கென்னியின் ஹாஷ், வர்கீஸின் பாக்கிக் கணக்கு, ஒவ்வொரு வரிசைக்குள்ளும் கோடெல். இவற்றோடு, சுற்று முறையின் விரைவுக் குறையைத் தீர்க்கும் ஓர் உபாயமும் சேர்ந்தது. வரிசைகள் புதியவை, பழையவை என்று இரண்டு பட்டியல்களில் நிற்கின்றன. காலியாக இருந்த வரிசைக்குப் பாக்கெட் வந்தால் அது புதியவர் பட்டியலில் சேரும். புதியவருக்கே முதல் கவனிப்பு. வரவைத் தீர்த்ததும் பழையவர் பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும். வரவு தீருமுன்பே காலியானாலும் பழையவர் பட்டியலை ஒரு சுற்று கடந்துதான் மீண்டும் புதியவராக முடியும். இல்லாவிட்டால் துளித்துளியாக அனுப்பியே ஒருவர் எப்போதும் முன்னால் நின்றுவிடலாம்.

விளைவை நினைத்துப் பாருங்கள். பெயர் தேடும் கேள்வி, இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட், குரல், விளையாட்டு ஆகிய எல்லாம் எந்த முத்திரையும் இல்லாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல் முன்னால் போகின்றன. கொஞ்சமாக அனுப்புகின்றன என்பது ஒன்றே அவற்றின் தகுதி. முத்திரை என்றால் எல்லாரும் ஒட்டிக்கொள்வார்கள். கொஞ்சமாக அனுப்புவது என்பதைப் பொய்யாகச் செய்ய முடியாது. பரேக் காலத்து உறுதி இதில் இல்லை. ஓட்டங்கள் பெருகி ஆளுக்குரிய பங்கு 80 கிலோபிட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், நம் குரல் ஓட்டமும் பழையவர் பட்டியலில் சிக்கி நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் குறுகிய ஓட்டங்களைத் திறந்துகொண்டே இருப்பவர் சலுகையைச் சுரண்டவும் முடியும். ஆனாலும் வீட்டு இணைப்புகளில், இலட்சியத்தை எட்டிப் பிடிக்க முயன்ற எந்த முறையும் தராத நிம்மதியை இந்த அரைகுறை முறை தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதுவரை பேசியதெல்லாம் எப்படிப் பங்கிடுவது என்பது. பாகப்பிரிவினையில் அதற்கு முன்பே தீர வேண்டிய கேள்வி, பங்காளிகள் யார் என்பது. நேகிளுக்கு அனுப்பும் கணினி பங்காளி. டெமர்ஸ் குழு அனுப்புநர், பெறுநர் இணையை எடுத்துக்கொண்டது. இன்றைய முறைகளில் இரு முகவரிகள், இரு போர்ட் எண்கள், நெறிமுறை ஆகிய ஐந்தும் சேர்ந்ததே ஓர் ஓட்டம். அப்படியானால் முப்பது இணைப்புகளைத் திறக்கும் பிட்டொரென்ட்டுக்கு, ஒரே இணைப்பில் படம் பார்ப்பவரைப்போல் முப்பது மடங்கு கிடைக்கும். ஒருவர் தம் போக்குவரத்து முழுவதையும் மறைகுறியீட்டுச் சுரங்கத்தில் அனுப்பினால் நடுவழி ரவுட்டருக்கு அது ஒரே ஓட்டம். தனியுரிமையைக் காத்துக்கொண்டவருக்குப் பங்கு சுருங்குகிறது. 2018இல் லினக்ஸ் 4.19இல் நுழைந்த கேக் என்ற முறை, முதலில் வீட்டிலுள்ள கருவிகளுக்கிடையே பிரித்து, பிறகு ஒவ்வொரு கருவியின் ஓட்டங்களுக்கிடையே பிரிக்கிறது. முகவரி மாற்றத்துக்குப் பின்னால் ஒளிந்த கருவியைக் கண்டுபிடிக்க அது தனியே தேட வேண்டியிருக்கிறது. மோடத்தின் நீண்ட வரிசைக்குள் பாக்கெட்டுகள் போய் விழாமலிருக்க இணைப்பின் வேகத்தைச் சிறிது குறைத்து ஓட்டவும் வேண்டும். சிறிய ரவுட்டர்களின் செயலிக்கு இது கனமான சுமை.

எதை அளப்பது என்பதும் இதே கேள்வியின் மறுபக்கம். வைஃபையில் ஒரு மடிக்கணினி 300 மெகாபிட்டிலும் தொலைவில் இருக்கும் பழைய கைபேசி 6 மெகாபிட்டிலும் பேசுகின்றன என்போம். இருவருக்கும் சம பைட் கொடுத்தால், மற்ற இழப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், ஆளுக்கு 5.9 மெகாபிட் கிடைக்கும். காற்றலை நேரத்தின் பெரும்பகுதியைக் கைபேசியே தின்றுவிடும். சம நேரம் கொடுத்தால் மடிக்கணினிக்கு 150, கைபேசிக்கு 3. மொத்தம் 12இலிருந்து 153க்கு உயர்கிறது. ஆனால் பலவீனமானவரின் பங்கு பாதியாகிறது. 2017இல் டோக்கே ஹொய்லாண்ட்-யோர்கென்சனும் அவருடைய குழுவினரும் லினக்ஸில் நேரப் பங்கீட்டைக் கொண்டுவந்ததை நான் சரியென்றே கருதுகிறேன், ஏனென்றால் அங்கே பொதுச் சொத்து காற்றலை நேரம்தான். ஆனாலும் அந்தக் கைபேசி வைத்திருப்பவரிடம் போய் இதை நியாயம் என்று விளக்குவது எளிதல்ல.

2007இல் பாப் பிரிஸ்கோ இந்த மரபு முழுவதையுமே எதிர்த்து எழுதினார். ஓட்டங்களின் வேகத்தைச் சமமாக்குவது நியாயமே அல்ல. ஒருவர் மற்றவர்களுக்கு உண்டாக்கும் நெரிசலின் மொத்த அளவை, காலம் முழுவதும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். பகல் முழுவதும் இறக்குபவரும் ஒரு நிமிடம் வந்து போகிறவரும் அந்த நிமிடத்தில் சமம் என்று சொல்லும் முறைக்கு நினைவு இல்லை என்பது உண்மை. ஆனால் நினைவு வைத்திருக்க ஒரு கணக்குப் புத்தகமும், அதைப் பராமரிக்கும் அதிகாரமும் வேண்டும். அந்த அதிகாரம் யார் கையில் இருக்கும் என்பதை எண்ணினால், மறதியுள்ள வரிசையின் பக்கமே நான் நிற்பேன்.

பிரிஸ்கோவின் வாதத்தின் தொடர்ச்சியாக 2023இல் எல்4எஸ் என்ற கட்டமைப்பு ஆர்எஃப்சி 9330 முதல் 9332 வரையிலான ஆவணங்களாக வந்தது. அதன் இரட்டை வரிசை முறையில் ஓட்டவாரியான வரிசைகள் தேவையில்லை. நெரிசல் குறிப்புக்கு நுட்பமாக அடங்கும் புதிய வகைப் போக்குவரத்துக்கு ஒரு வரிசை, பழைய டிசிபிக்கு ஒன்று; இரண்டுக்குமான நெரிசல் குறிப்புகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஓட்டங்களை ரவுட்டர் எட்டிப் பார்க்க வேண்டாம், சுரங்கத்தில் வருபவருக்கும் பாதகமில்லை, நினைவகமும் மிச்சம். ஆனால் எந்த வரிசை என்பதை அனுப்புநர் ஒட்டும் முத்திரைதான் தீர்மானிக்கிறது. முத்திரையை ஒட்டிக்கொண்டு அடங்காமல் அனுப்புபவரால் குறுகிய வரிசையில் நிற்கும் எல்லாருடைய தாமதமும் கெடும். கேபிள் இணையத்துக்கான டாக்சிஸ் தரநிலையில் குறைந்த தாமத வசதியைச் சேர்த்தவர்கள் இதற்கு ஒரு காவலையும் வைத்தார்கள்: வரிசை வளர எந்த ஓட்டம் எவ்வளவு காரணம் என்று ஓட்டவாரியாக மதிப்பெண் வைத்து, வரம்பு மீறியதன் பாக்கெட்டுகளைப் பழைய வரிசைக்குத் தள்ளிவிடும் ஓர் அமைப்பு. ஓட்டத்தை அடையாளம் காண அது பார்ப்பது முகவரிகளையும் போர்ட் எண்களையும்தான்.